எங்கள் செய்திகளின் முகவரிகளை யார் வைத்திருக்கிறார்கள்?

ரிவர்ஸ்டன் என்று இணையத்தில் தேடினால் பக்கம் பக்கமாகத் தகவல் வரும். மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக மேலேறும் வீதி, உச்சியில் நிற்கும் தொலைத்தொடர்புக் கோபுரம், பிட்டவல பத்தனைப் புல்வெளி, பம்பரகிரி எல்ல நீர்வீழ்ச்சி, நக்கிள்ஸ் மலைத்தொடரின் மூடுபனி எல்லாம் படங்களோடு கிடைக்கும். அவற்றில் ஒரு பக்கம் நாளை அழிந்துபோனாலும் யாருக்கும் நட்டமில்லை. அடுத்த விடுமுறைக்குப் போகிறவர் புதிதாகப் படம் எடுத்துப் போடுவார்.

அதே மாவட்டத்தின் இன்னொரு செய்திக்கு அந்த வசதி கிடையாது. 2012 நவம்பரில் மாத்தளை வைத்தியசாலை வளாகத்தில் கட்டுமான வேலைக்காக நிலத்தைத் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. தொடர்ந்த அகழ்வில் 150க்கும் மேற்பட்டவர்களின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. அவை 1980களின் இறுதியில் ஜே.வி.பி. கிளர்ச்சி அடக்கப்பட்ட காலத்தில் காணாமலாக்கப்பட்ட இளைஞர்களுடையவையாக இருக்கலாம் என்று குடும்பங்கள் நீதிமன்றத்துக்கு வந்தன. தொல்லியல் பேராசிரியர் ராஜ் சோமதேவ, புதைக்கப்பட்ட காலம் 1986க்கும் 1990க்கும் இடைப்பட்டது என்று 2013இல் அறிக்கை கொடுத்தார். பின்னர் அமெரிக்க ஆய்வுகூடம் ஒன்றின் பரிசோதனையை வைத்து, அவை 1950க்கு முற்பட்டவை என்ற முடிவு வந்தது.

இரண்டில் எது சரி என்று இன்றைக்கு ஒருவர் கேட்க விரும்பினால், 2012, 2013ஆம் ஆண்டுகளின் செய்திகளை வரிசையாக வைத்துப் படிக்க வேண்டும். அவற்றில் பல இணையத்தில் மட்டுமே வெளியானவை. பத்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்ட நிலையில் அந்த இணைப்புகளில் எத்தனை திறக்கும்?

காகிதங்களின் நிலைமையும் தெரிந்ததே. மனித புதைகுழிகள் பற்றி 2023 ஜூனில் மனித உரிமை அமைப்புகள் சில சேர்ந்து ஓர் அறிக்கையை வெளியிட்டன. மாத்தளைப் புதைகுழி கண்டுபிடிக்கப்பட்ட பின், மத்திய பகுதிப் பொலிஸ் நிலையங்களில் இருந்த 5 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பதிவேடுகளை அழிக்கும்படி அப்போது பாதுகாப்புச் செயலாளராக இருந்த கோட்டாபய ராஜபக்ஷ 2013இல் உத்தரவிட்டார் என்று அந்த அறிக்கை குற்றஞ்சாட்டியது. 1989இல் அதே மாவட்டத்தில் அவர் இராணுவ அதிகாரியாகக் கடமையாற்றியவர்.

மாத்தளையில் பிள்ளையைத் தேடிய சிங்களத் தாய்க்கும், செம்மணியில் தேடும் தமிழ்த் தாய்க்கும் இந்த இடத்தில் வேறுபாடில்லை. 2023இல் கொக்குத்தொடுவாய், 2025இல் மீண்டும் செம்மணி என்று ஒவ்வொரு அகழ்வையும் எங்கள் மக்கள் வட்ஸ்அப்பில் வரும் இணைப்புகள் வழியாகத்தான் பின்தொடர்கிறார்கள். 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலைநாட்டை விட்டு வன்னிக்குப் போய்க் குடியேறி, பிறகு போரிலும் அகப்பட்ட குடும்பங்களுக்கு இரண்டு இடத்துக் கதைகளும் சொந்தக் கதைகள்தான். தொலைபேசி பழுதானால் அந்த இணைப்புகள் போய்விடும். தொலைபேசி இருந்தாலும் இணைப்பைத் தொட்டால் "பக்கம் கிடைக்கவில்லை" என்று வரும்.

இந்தக் கட்டுரை அதற்கான ஒரு சிறிய தொழில்நுட்ப ஏற்பாட்டைப் பற்றியது. நாம் சேர்க்கும் இணைப்புகளையும் அந்தப் பக்கங்களின் பிரதிகளையும் நமது கையிலுள்ள ஒரு லினக்ஸ் சேர்வரில் வைத்துக்கொள்வது எப்படி என்பதே விடயம்.

முகவரி வேறு, பக்கம் வேறு

புக்மார்க் என்பது ஒரு பக்கத்தின் முகவரியை மட்டும் குறித்துவைப்பது. வீட்டு இலக்கத்தை எழுதி வைத்திருப்பதால் வீடு பாதுகாப்பாக இருக்கும் என்று அர்த்தமில்லை. அமெரிக்காவின் பியூ ஆய்வு நிலையம் 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதமானவை பத்து ஆண்டுகளின் பின் திறக்கவில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் மேற்கோள் காட்டப்பட்ட இணைப்புகளில் ஏறத்தாழ அரைவாசி, முன்பு காட்டிய பக்கத்தைக் காட்டவில்லை என்று ஹார்வர்ட் சட்ட ஆய்வாளர்கள் 2014இல் எழுதினார்கள்.

எங்கள் நிலைமையில் வேறு காரணங்களும் சேருகின்றன. தமிழ்நெட் தளம் 2007 ஜூனில் இலங்கையில் முடக்கப்பட்டது. 2011 நவம்பரில் வேறு சில செய்தித் தளங்கள் முடக்கப்பட்டன. கொழும்பு டெலிகிராப் மீதான தடை 2015 ஜனவரியில் ஆட்சி மாறிய பிறகுதான் நீங்கியது. 2018 மார்ச்சில் கண்டி வன்முறையின்போதும் 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளின் பின்னும் சமூக ஊடகங்கள் நிறுத்தப்பட்டன. 2024இல் நடைமுறைக்கு வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம், பதிவுகளை அகற்றச் சொல்லும் அதிகாரத்தை ஓர் ஆணைக்குழுவுக்குக் கொடுத்திருக்கிறது. தடை ஒருபுறமிருக்க, தளத்தை நடத்தியவருக்குக் கட்டணம் கட்ட முடியாமல் போவது, அவர் களைத்துப்போவது, இறந்துபோவது என்று எந்த உத்தரவும் இல்லாமலே மூடப்பட்ட சிறிய தமிழ்த் தளங்களும் உண்டு.

பெரிய நிறுவனங்களை நம்பியவர்களுக்கும் இதே அனுபவம்தான். 2017இல் யூடியூப் தன்னியக்க முறையில் வன்முறைக் காட்சிகளை நீக்கத் தொடங்கியபோது, சிரியப் போரை ஆவணப்படுத்திய ஆயிரக்கணக்கான காணொளிகள் காணாமல் போயின. போர்க்குற்றத்துக்கு ஆதாரமானவையும் அவற்றில் இருந்தன.

ஏன் சொந்த சேர்வர்?

இணைப்புகளைச் சேமித்துத் தரும் சேவைகள் முன்பிருந்தே உண்டு. 2003இல் தொடங்கிய டிலீஷியஸ் ஒரு காலத்தில் உலகம் முழுவதும் பயன்பட்டது. யாகூ அதை வாங்கியது, பிறகு விற்றது. கை மாறி மாறி 2017இல் அதன் இயக்கம் நின்றது. கோடிக்கணக்கான இணைப்புகளைச் சுமந்த பொக்கெட் சேவையை மொசில்லா நிறுவனம் 2025 ஜூலை 8இல் மூடியது. பயனாளர்கள் தங்கள் பட்டியலை எடுத்துக்கொள்ளச் சில மாதங்கள் அவகாசம் கிடைத்தது. மின்னஞ்சலைத் தவறவிட்டவர்களுக்கு அதுவும் இல்லை.

சொந்த சேர்வர் என்றால் பெரிய இயந்திரம் எதையும் கற்பனை செய்ய வேண்டாம். எப்போதும் இயங்கிக்கொண்டிருக்கும், இணையத்தோடு தொடர்புள்ள எந்தக் கணினியும் சேர்வர்தான். அதில் ஒரு மென்பொருள் இருக்கும். உங்கள் கைத்தொலைபேசியிலோ மடிக்கணினியிலோ ஒரு செய்தியைப் பார்த்ததும் ஒரு பொத்தானைத் தொட்டால், முகவரியும் தலைப்பும் நீங்கள் எழுதும் குறிப்பும் அங்கே போய்ச் சேரும். பட்டியல் உங்களுடையது. எப்போது மூடுவது என்று தீர்மானிப்பவரும் நீங்களே.

எந்த மென்பொருள்?

இலவசமாகக் கிடைக்கும் திறந்த மூல மென்பொருள்கள் பல உள்ளன. ஷார்லி மிக எளிமையானது. தரவுத்தளம் தேவையில்லை, பி.எச்.பி. ஓடும் மலிவான இணைய இடமே போதும். கராகீப், லிங்க்வார்டன் ஆகியவை அதிக வசதிகள் கொண்டவை. அதற்கேற்ப அதிக நினைவகம் கேட்பவை. ஆர்க்கைவ்பொக்ஸ் பக்கங்களைப் பிரதியெடுப்பதையே முதன்மை வேலையாகச் செய்வது.

புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்வது லிங்க்டிங். சிறியது, வேகமானது; பழைய கணினியிலும் ஓடும். எல்லாத் தரவும் ஒரே கோப்புறைக்குள் இருக்கும். பக்கத்தின் பிரதியை எடுக்கும் வசதி அதன் "பிளஸ்" பதிப்பில் உண்டு. அந்தப் பதிப்புக்குள் ஓர் உலாவியும் சேர்ந்து வருவதால், சாதாரணப் பதிப்பைவிடக் கூடுதல் நினைவகமும் வட்டு இடமும் தேவை. 2 ஜிகாபைட் நினைவகம் இருந்தால் நெருக்கடி இராது.

எந்த இயந்திரம்?

இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, மாத வாடகைக்கு ஒரு சேர்வர். வெளிநாட்டு நிறுவனங்கள் மாதம் 5 டொலர் அளவில் இருந்தே சிறிய சேர்வர்களைத் தருகின்றன. மின்வெட்டு அதைத் தொடாது. இன்னொரு நன்மையும் உண்டு: பக்கத்தைப் பிரதியெடுப்பது அந்த சேர்வர்தான் என்பதால், இலங்கையில் முடக்கப்பட்ட தளத்தையும் அது திறந்து எடுத்துவிடும். குறை என்னவென்றால், அட்டை வழியாக மாதாமாதம் பணம் போக வேண்டும். இயந்திரமும் வேறொருவரிடம் இருக்கிறது.

இரண்டாவது, வீட்டிலுள்ள பழைய மடிக்கணினி அல்லது ராஸ்பெரி பை. மடிக்கணினி என்றால் அதன் பட்டரியே சிறிய மின்வெட்டைத் தாங்கும். கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்கும். ஆனால் வீட்டுக்கு வருபவர்கள் அதை எடுத்துச் செல்லவும் முடியும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இரண்டிலும் டெபியன் அல்லது உபுண்டு லினக்ஸை, படத்திரை இல்லாத சேர்வர் வடிவில் நிறுவுவது நல்லது.

நிறுவும் முறை

கட்டளைகளை லிங்க்டிங்கின் கையேட்டிலிருந்து அப்படியே எடுத்துப் போடலாம். ஒவ்வொன்றும் எதற்காக என்று தெரிந்துவைத்திருப்பதுதான் முக்கியம்.

முதலில் கதவைப் பூட்ட வேண்டும். சேர்வருக்குள் தொலைவிலிருந்து நுழையும் வழி எஸ்.எஸ்.எச். எனப்படுகிறது. அதில் கடவுச்சொல்லால் நுழைவதை நிறுத்தி, உங்கள் கணினியில் உருவாக்கும் சாவிக் கோப்பால் மட்டும் நுழையும்படி மாற்றுங்கள். சாவி வேலை செய்கிறதா என்று இன்னொரு சாளரத்தில் பார்த்த பிறகே கடவுச்சொல்லை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் நீங்களே வெளியே நிற்க வேண்டிவரும். பாதுகாப்புத் திருத்தங்கள் தானாகவே நிறுவப்படும் வசதியையும் இயக்கிவிடுங்கள்.

அடுத்தது டொக்கர். ஒரு மென்பொருளை அதற்குத் தேவையான எல்லாவற்றோடும் ஒரு பெட்டிக்குள் வைத்து ஓட்டும் ஏற்பாடு அது. லிங்க்டிங் அந்தப் பெட்டியாகத்தான் வருகிறது. அதை ஓட்டும்போது மூன்று விடயங்களைச் சொல்கிறோம்: எந்தப் பெட்டி, எந்த வாயில், தரவு எந்தக் கோப்புறைக்குப் போக வேண்டும். வாயில் எண் வழமையாக 9090. தரவுக் கோப்புறையைப் பெட்டிக்கு வெளியே வைக்க மறக்கக் கூடாது. மறந்தால், மென்பொருளைப் புதுப்பிக்கும் நாளில் பெட்டியோடு சேர்த்து உங்கள் இணைப்புகளும் குப்பைக்குப் போகும்.

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு பொறி இருக்கிறது. உபுண்டுவின் தீச்சுவரில் 9090ஐ மூடிவிட்டோம் என்று நினைத்திருப்போம். ஆனால் டொக்கர் திறக்கும் வாயில் அந்தத் தீச்சுவரைத் தாண்டிக்கொண்டு வெளியே தெரியும். ஆகவே வாயிலைச் சொல்லும்போதே அதற்கு முன்னால் 127.0.0.1 என்று சேர்க்க வேண்டும். அப்போது சேர்வருக்கு உள்ளிருந்து மட்டுமே லிங்க்டிங்கைத் தொட முடியும்.

பெட்டி ஓடத் தொடங்கியதும் ஒரு கட்டளையால் பயனர் கணக்கை உருவாக்குங்கள். பிறகு வெளியிலிருந்து அதை அடைவதற்கு ஒரு பாதை வேண்டும். டெயில்ஸ்கேல் அல்லது வயர்கார்ட் மூலம் உங்கள் தொலைபேசியையும் சேர்வரையும் ஒரு தனிவழியில் இணைக்கலாம். இணையத்திலுள்ள வேறு எவருக்கும் அந்தப் பக்கம் தெரியாது. வீட்டில் 4ஜி ரவுட்டர் பாவிப்பவர்களுக்கு டெயில்ஸ்கேலே எளிது. அந்த இணைப்புகளில் பெரும்பாலும் பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது முகவரியைப் பங்கிடுவதால் வெளியிலிருந்து நேரே வீட்டுக் கணினிக்கு வர முடியாது.

பொதுப் பெயரோடு திறக்க விரும்பினால் ஒரு தளப் பெயர் வாங்கி, கெடி என்ற மென்பொருளை முன்னால் நிறுத்தலாம். லெட்ஸ் என்கிரிப்ட் வழியாகப் பாதுகாப்புச் சான்றிதழை அது தானே பெற்றுக்கொள்ளும். ஆனால் வழங்கப்படும் சான்றிதழ்களின் தளப் பெயர்கள் எல்லாம் எவரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேட்டில் ஏறும். எனவே தளத்தின் பெயரில் ஊரின் பெயரையோ வழக்கின் பெயரையோ வைக்க வேண்டாம்.

சிக்னல் இல்லாத இடத்திலிருந்து

மலைத் தோட்டங்களிலும் வன்னிக் கிராமங்களிலும் இருப்பவர்கள் "எங்கள் இணைப்புக்கு இதெல்லாம் சரிவராது" என்று ஒதுங்குவதுண்டு. ரிவர்ஸ்டன் பக்கம் வேலையாகப் போயிருந்தபோது நான் இதைச் செய்து பார்த்தேன். உச்சியில் கோபுரம் இருந்தும் வளைவுக்கு வளைவு சிக்னல் வந்து போனது. வாடகை சேர்வருக்குள் எஸ்.எஸ்.எச். வழியாக நுழைந்தால் போய்வருவது எழுத்துகள் மட்டுமே. டொக்கர் பெட்டியை இறக்குவது சேர்வர். நமது டேட்டா அதற்குச் செலவாவதில்லை.

தொடர்பு அறுந்தால் ஓடிக்கொண்டிருக்கும் வேலையும் நின்றுபோகும் என்ற பயத்துக்கு டீமக்ஸ் என்ற சிறிய மென்பொருள் மருந்து. அதற்குள் வேலையைத் தொடங்கினால், நமது தொடர்பு அறுந்தாலும் சேர்வரில் வேலை தொடரும். சிக்னல் திரும்பியதும் விட்ட இடத்தில் சேர்ந்துகொள்ளலாம். பக்கங்களைப் பிரதியெடுப்பதும் இப்படித்தான். நாம் அனுப்புவது முகவரியை மட்டும், படங்களோடு பக்கத்தை இறக்குவது சேர்வர். பலவீனமான இணைப்பு உள்ளவருக்கே இந்த ஏற்பாடு அதிகம் உதவும்.

பக்கத்தின் பிரதி

லிங்க்டிங்கின் பிளஸ் பதிப்பில் பிரதியெடுப்பை இயக்கினால், புதிதாகச் சேர்க்கும் ஒவ்வொரு இணைப்புக்கும் பக்கம் முழுவதையும் ஒரே கோப்பாக எடுத்து வைக்கும். படங்களும் அதற்குள்ளேயே இருக்கும். அமைப்புகளில் இன்டர்நெட் ஆர்க்கைவுக்கும் ஒரு பிரதியை அனுப்பும் தெரிவு உண்டு. பொதுச் செய்திகளுக்கு அதையும் இயக்குவது நல்லது. அதை மட்டும் நம்பியிருக்கவும் முடியாது. 2024 ஒக்டோபரில் அந்தக் காப்பகமே தாக்குதலுக்குள்ளாகிப் பல நாட்கள் முடங்கியது.

சேர்வர் எடுத்த பிரதியை ஒரு தடவை திறந்து பாருங்கள். முகநூல் பதிவென்றால் அங்கே பதிவு இராது, உள்நுழைவுப் பக்கம்தான் இருக்கும். சில செய்தித் தளங்கள் "நீங்கள் மனிதரா" என்று கேட்கும் பக்கத்தைக் கொடுத்திருக்கும். அப்படியானவற்றுக்கு உங்கள் உலாவியில் சிங்கிள்ஃபைல் நீட்சியை நிறுவி, நீங்கள் திரையில் காணும் பக்கத்தையே கோப்பாக்கி லிங்க்டிங்குக்கு அனுப்பலாம். காணொளிகளை இந்த முறை காப்பாற்றாது. அவற்றைத் தனியாக இறக்கி வைக்க வேண்டும்.

ஐ.நா. மனித உரிமை அலுவலகமும் பெர்க்லி பல்கலைக்கழக மனித உரிமை நிலையமும் 2020இல் வெளியிட்ட பெர்க்லி நெறிமுறை, இணையத்திலிருந்து எடுக்கும் ஆதாரத்தோடு என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்கிறது. முழு முகவரி, பக்கத்தின் மூலக் குறியீடு, முழுப் பக்கப் பிரதி, எடுத்த நேரம், எடுத்தவர், கோப்பின் ஹாஷ் ஆகியவை அவற்றுள் அடங்கும். ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை போன்றது. கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அது மாறிவிடும். லினக்ஸில் ஒரே கட்டளையில் ஷா-256 ஹாஷ் கிடைக்கும். அதை இணைப்பின் குறிப்பில் எழுதி, இன்னொருவருக்கு அன்றே மின்னஞ்சலிலும் அனுப்பி வையுங்கள். "இது பிறகு திருத்தப்பட்டது" என்று யாராவது சொன்னால் பதில் சொல்ல முடியும். இலங்கை தொடர்பான ஆதாரங்களைச் சேகரித்துப் பாதுகாக்கும் பொறுப்பை ஐ.நா. மனித உரிமைப் பேரவை 2021 மார்ச்சில் 46/1 தீர்மானத்தின் மூலம் மனித உரிமை அலுவலகத்துக்குக் கொடுத்தது. அப்படியான இடங்களுக்குப் போகும் ஒரு பொருளுக்கும், வட்ஸ்அப்பில் வந்த படத்துக்கும் உள்ள வேறுபாடு இந்தச் சில வரிகள்தான்.

தமிழில் தேடும்போது

ஆயிரம் இணைப்புகள் சேர்ந்த பிறகு தேடிப் பிடிக்க முடியாவிட்டால் பயனில்லை. லிங்க்டிங் முகவரி, தலைப்பு, விபரம், குறிப்பு, குறிச்சொல் ஆகியவற்றில் தேடும். பிரதியெடுத்த பக்கத்துக்குள் தேடாது. ஆகவே சேர்க்கும்போதே நாள், இடம், நீதிமன்றம், எண்ணிக்கை ஆகியவற்றைக் குறிப்பில் இரண்டு வரியாக எழுதுவது அவசியம்.

தமிழ்ச் சொற்கள் வேற்றுமை ஏற்கும்போது உருமாறுவது இன்னொரு சிக்கல். "செம்மணி" என்று தேடினால் "செம்மணியில்" கிடைத்துவிடும். "நிலம்" என்று தேடினால் "நிலத்தில்" கிடைக்காது. இப்படியான சொற்களுக்கு "நில" என்று அடிப்பகுதியை மட்டும் கொடுத்துத் தேட வேண்டும். குறிச்சொற்களில் இடைவெளி வரக் கூடாது என்பதால் சொற்களைச் சிறு கோட்டால் இணையுங்கள். காணாமல், காணாமற், காணாமலாக்கப்பட்ட என்று மூன்று விதமாக எழுதுகிறோம். ஒன்றைத் தீர்மானித்து எல்லோரும் அதையே பயன்படுத்துங்கள்.

போர்க்காலத் தமிழ்த் தளங்களில் சில யுனிகோட் வருவதற்கு முந்திய பாமினி போன்ற எழுத்துருக்களில் எழுதப்பட்டவை. அவற்றின் பிரதியைத் திறந்தால் ஆங்கில எழுத்துக் குழப்பம் போலத் தெரியும். பிரதி கெட்டுவிட்டது என்று நினைத்து நீக்கிவிடாதீர்கள். எழுத்துரு மாற்றியில் போட்டால் தமிழ் திரும்பிவிடும். தலைப்பை மட்டும் யுனிகோட்டில் எழுதி வையுங்கள்.

பிரதியின் பிரதி

1981இல் யாழ்ப்பாண நூலகத்தோடு எரிந்தவற்றில் வேறெங்கும் பிரதி இல்லாத சுவடிகளும் இருந்தன. சொந்த சேர்வரும் ஓர் ஒற்றைப் பிரதிதான். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அடித்தபோது மலைநாட்டில் வீதி, மின்சாரம், தொலைபேசி எல்லாம் ஒரே நேரத்தில் துண்டிக்கப்பட்டதைப் பார்த்தோம். எந்த வட்டும் மண்ணுக்குள் போகலாம்.

தரவுத்தளக் கோப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது அதை நேரே பிரதியெடுத்தால் பழுதான பிரதி கிடைக்கக்கூடும். லிங்க்டிங்கிலேயே முழுக் காப்புப் பிரதிக்கு ஒரு கட்டளை இருக்கிறது. அது தரவுத்தளத்தையும் பக்கப் பிரதிகளையும் சேர்த்து ஒரு சிப் கோப்பாகத் தரும். அதை ஒவ்வோர் இரவும் தானாக ஓடும்படி வைத்து, ரெஸ்டிக் போன்ற மென்பொருளால் மறைகுறியாக்கி வேறோர் இடத்துக்கு அனுப்புங்கள். கனடாவிலோ பிரான்ஸிலோ இருக்கும் தங்கையின் வீட்டுக் கணினியும் நல்ல இடமே. பாதைச்சொல் இல்லாமல் அவராலும் திறக்க முடியாது. அந்தச் சொல் தொலைந்தால் உங்களாலும் முடியாது என்பதால் அதைத் தாளில் எழுதி இரண்டு இடத்தில் வையுங்கள். மாதம் ஒருமுறை வேறு கணினியில் மீட்டுப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத காப்புப் பிரதியை இருப்பதாகக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

ஆபத்து எங்கே?

முகநூல் பதிவுகளுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் தமிழ் இளைஞர்கள் கைது செய்யப்பட்ட நாட்டில், எதைச் சேர்த்து வைத்திருக்கிறோம் என்பதே ஒரு கேள்வியாக மாறலாம். இந்தச் சேர்வர் பக்கம் அழிவதிலிருந்து காப்பாற்றும். விசாரணையிலிருந்து உங்களைக் காப்பாற்றாது.

லிங்க்டிங்கில் இணைப்புகளைப் பிறருக்குப் பகிரும் வசதி தொடக்கத்தில் மூடியே இருக்கும். காரணமில்லாமல் திறக்க வேண்டாம். கைத்தொலைபேசியில் எப்போதும் உள்நுழைந்த நிலையில் விட்டால், தொலைபேசியை வாங்கிப் பார்ப்பவர் சேர்வரையும் பார்த்தவராகிறார். வேலை முடிந்ததும் வெளியேறுங்கள். வீட்டு மடிக்கணினி என்றால் லினக்ஸ் நிறுவும்போதே முழு வட்டையும் மறைகுறியாக்கலாம். அதற்கொரு விலை உண்டு: நீண்ட மின்வெட்டுக்குப் பின் கணினி திரும்பத் தொடங்க, யாராவது முன்னால் இருந்து சொல்லைத் தட்ட வேண்டும். வாடகை சேர்வரில் வைப்பதை அந்த நிறுவனத்தால் பார்க்க முடியும் என்று எண்ணியே வையுங்கள்.

மிக முக்கியமானது குறிப்புகளில் எழுதுவது. வெளியான செய்தி எல்லோருக்கும் தெரிந்தது. "இதைச் சொன்னவர் இன்ன ஊர் இன்னார்" என்று நீங்கள் சேர்க்கும் ஒரு வரிதான் ஒருவரை ஆபத்தில் மாட்டும். சாட்சிகளின் பெயர், தொலைபேசி எண், வெளியாகாத வாக்குமூலம் ஆகியவற்றுக்கு இந்த இடம் பொருத்தமற்றது.

தனி ஆளின் வேலை அல்ல

ஒருவர் தொடங்கி, ஒருவரே நடத்தி, அவரோடு முடிந்துபோன எத்தனையோ தமிழ்த் தளங்களைப் பார்த்துவிட்டோம். இந்தச் சேர்வருக்கும் அது நடக்கலாம். லிங்க்டிங்கில் பல பயனர் கணக்குகள் வைக்கலாம். ஊருக்கு ஒன்று, சங்கத்துக்கு ஒன்று என்று மூன்று பேராவது சேர்ந்து நடத்துவது நல்லது. சேர்வருக்கும் தளப் பெயருக்கும் பணம் கட்டும் நாள் எது, சாவி எங்கே, காப்புப் பிரதியை எப்படித் திறப்பது என்று ஒரு பக்கத்தில் எழுதி மூவரும் வைத்திருங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை இணைப்புப் பட்டியலை எச்.டி.எம்.எல். கோப்பாக ஏற்றுமதி செய்து பென்டிரைவில் வையுங்கள். எந்த உலாவியும் அதைத் திறக்கும். பக்கப் பிரதிகள் சுருக்கப்பட்ட எச்.டி.எம்.எல். கோப்புகளாகவே இருப்பதால், நாளை லிங்க்டிங் இல்லாமல் போனாலும் அவற்றை விரித்துப் படிக்கலாம். சஞ்சிகை, துண்டுப்பிரசுரம், அறிக்கை போன்ற ஆவணங்கள் கிடைத்தால் 2005 முதல் ஈழத்து ஆவணங்களை எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனத்துக்கும் கொடுங்கள்.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: இப்போது உங்கள் உலாவியில் இருக்கும் புக்மார்க்குகளை ஏற்றுமதி செய்து லிங்க்டிங்கில் இறக்குங்கள், சில நிமிட வேலை. அதன்பின் உங்கள் ஊர், உங்கள் குடும்பம், உங்கள் வழக்கு தொடர்பான இருபது இணைப்புகளை வட்ஸ்அப்பில் தேடி எடுங்கள். திறக்காதவை எத்தனை என்று எண்ணி, மீதியை இன்றிரவே பிரதியெடுத்து வையுங்கள்.